தாஜ்மகாலில் ஆச்சி கேட்ட கேள்வி

தாஜ்மகாலைப் பற்றி எழுதாதவர் யார்? பளிங்கு, நிலவொளி, காதல் என்று எல்லோரும் எழுதியாகிவிட்டது. ஆகையால், "நீதான் நேரில் பார்த்து வந்திருக்கிறாயே, ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு" என்று தமிழம்மா கேட்டபொழுது நான் மிகவும் தயங்கினேன். பிறகு, நான் பார்த்ததை விட்டுவிட்டு என் ஆச்சி பார்த்ததை எழுதலாமே என்று தோன்றியது.

2023 பிப்ரவரியில் டில்லியில் என் சித்தப்பா மகளுக்குத் திருமணம். நான் அப்பொழுது பதினோராம் வகுப்பு. சிஸ்டர் அவர்கள் பெரிய மனதுடன் ஐந்து நாள் விடுப்பு அளித்தார்கள். திருமணம் முடிந்த மறுநாளே ஆக்ராவுக்கு ஒரு நாள் சுற்றுலா என்று சித்தப்பா ஏற்பாடு செய்திருந்தார். வண்டிச் சீட்டு, பேருந்து, மதிய உணவு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து ஒரே கட்டணம். நானும் சித்தப்பா பிள்ளைகளும் துள்ளிக் குதித்தோம். "ஆச்சியும் வர்றாங்க" என்று அப்பா சொன்னதும் என் முகம் சுருங்கிப் போயிற்று. ஆச்சிக்கு முழங்கால் வலி. நாலு அடிக்கு ஒரு தடவை நின்று நின்றுதான் நடப்பார்கள். ஆச்சியைக் கூட்டிக்கொண்டு எதைப் பார்ப்பது? போதாக்குறைக்கு, இந்தியும் ஆங்கிலமும் தெரியாத ஆச்சிக்கு அருகிலிருந்து மொழிபெயர்த்துச் சொல்லும் வேலையும் என் தலையில் விழுந்தது. அன்றிரவு நான் முணுமுணுத்தது ஆச்சியின் காதில் விழாமலா இருந்திருக்கும்? விழுந்திருந்தாலும் அவர்கள் காட்டிக்கொள்ளவில்லை.

ஹஜ்ரத் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து காலை 8.10க்குக் கதிமான் எக்ஸ்பிரஸ் புறப்பட்டது. 2016 ஏப்ரல் 5ஆம் நாள் இந்த வண்டி ஓடத் தொடங்கியபொழுது மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, நம் நாட்டிலேயே வேகமான வண்டி என்று பெயர் பெற்றது. ஆக்ரா 188 கிலோமீட்டர். அதை 100 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. திருநெல்வேலியில் ஏறி, மதுரையையும் தாண்டிப் போகிற தூரம்! வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை என்பதால் இந்த வண்டிக்கும் அன்று விடுமுறையாம்.

சித்தப்பா மகன் கைப்பேசியில் வேகத்தைப் பார்த்து, "நூற்றைம்பது! நூற்று ஐம்பத்தெட்டு!" என்று கத்திக்கொண்டே வந்தான். சன்னலுக்கு வெளியே கடுகு வயல்கள் மஞ்சள் சேலையை உலர்த்தியதுபோல ஓடின. மதுரா நிலையத்தின் பெயர்ப் பலகையைப் படிக்க முயன்று தோற்றோம். ஆச்சியோ எதிரே இருந்த காப்பியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இவ்வளவு ஓட்டம் ஓடுது, காப்பி ஒரு சொட்டு சிந்தலையே!" என்பதுதான் அந்த வண்டிக்கு ஆச்சி கொடுத்த நற்சான்று.

ஆக்ராவில் எங்கள் வழிகாட்டி நரைத்த மீசைக்காரர். கையில் சிறிய மஞ்சள் கொடி. சரளமான ஆங்கிலம். ஆச்சியை "மாதாஜி" என்று அழைத்தார். நுழைவுச் சீட்டு 50 ரூபாய், கல்லறை மண்டபத்தின் மேல் ஏற வேண்டுமானால் இன்னும் 200 ரூபாய், மூன்று மணி நேரத்திற்குள் வெளியே வந்துவிட வேண்டும் என்று வேகமாகச் சொல்லிவிட்டு நடந்தார். "ஆச்சிக்கு 200 ரூபாய்ச் சீட்டு வேண்டாம், படி ஏற முடியாது" என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு எல்லோருக்கும் சேர்த்தே வாங்கினார்.

செந்நிறக் கல்லால் ஆன பெரிய வாயிலின் இருளுக்குள் நுழைந்து, மறுபக்கம் அந்த வெண்மை திடீரென்று எதிரே நின்றபொழுது, உண்மையாகவே எனக்குப் பேச்சு வரவில்லை. எத்தனை படங்களில் பார்த்திருந்தும் அது அவ்வளவு பெரியது என்று தெரியாமல் இருந்திருக்கிறேன். ஆச்சி கையை நெற்றிக்குமேல் வைத்துப் பார்த்தார்கள். "வெள்ளையடிச்சதா, கல்லே அப்படியா?" என்றார்கள். இராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வந்த பளிங்கு என்றேன்.

நீர்த்தடாகத்தின் அருகில் ஒரு கல் இருக்கையில் ஆச்சியை அமர்த்தினோம். வழிகாட்டி எங்களைச் சுற்றி நிறுத்திக் கதையைத் தொடங்கினார். நான் ஒவ்வொரு வாக்கியமாக ஆச்சியின் காதில் சொன்னேன். மும்தாஜ் மகாலுக்கும் ஷாஜகானுக்கும் 1612இல் திருமணம். போர்க்களத்திற்குச் சென்றாலும் மன்னர் அவளைப் பிரிய மாட்டார். 1631 ஜூன் மாதம், தக்காணப் படையெடுப்பின்போது புர்ஹான்பூரில் இருந்தார்கள். அங்கே பதினான்காவது குழந்தையைப் பெற்றெடுத்து அரசி இறந்துபோனாள். அப்பொழுது அவளுக்கு 38 வயது.

"பத்தொம்பது வருசத்துல பதினாலா?" என்றார்கள் ஆச்சி.

"ஆமாம் ஆச்சி. உயிரோடு மிஞ்சியது ஏழு."

வழிகாட்டி தொடர்ந்தார். இருபதாயிரம் தொழிலாளர், இருபது ஆண்டுக்கு மேல் வேலை. பிறகு, இதைப்போல இன்னொன்று கட்டக் கூடாது என்று தொழிலாளர்களின் கையை வெட்டிவிட்டார்கள் என்றும் ஒரு கதை சொன்னார். (அதற்கு எந்தச் சான்றும் கிடையாது என்று நம் வரலாற்று சிஸ்டர் பின்னர் சொன்னார்கள். நான் அங்கே அதையும் பக்தியோடு மொழிபெயர்த்தேன்!) ஆனால் ஆச்சி அதில் எதையும் கேட்கவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டே எங்கோ பார்த்தபடி இருந்தார்கள். வலிக்கிறது போலும் என்று நினைத்தேன்.

"ஏட்டி" என்று என் கையைப் பிடித்தார்கள். "அந்தப் பிள்ளைய யாரு வளத்தா? அவர்ட்ட கேளு."

"எந்தப் பிள்ளை?"

"பதினாலாவது பிள்ளைதான். தாய் செத்துப் போச்சு. பாலுக்கு அழுதிருக்குமே. யாரு எடுத்து வளத்தா?"

எல்லோர் முன்னிலையிலும் இதையா கேட்பது என்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆயினும் கேட்டேன். வழிகாட்டி சிரித்துவிட்டார். "இத்தனை வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, மாதாஜி" என்று கைகூப்பிவிட்டு, நான்கு மினார்களும் சற்றே வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டப்பட்டிருக்கும் விந்தைக்குச் சென்றுவிட்டார்.

பிறகுதான் வேடிக்கை. நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்வார்கள் என்று நான் நினைத்திருந்த ஆச்சி, சேலையைச் சற்று தூக்கிச் செருகிக்கொண்டு எழுந்தார்கள். "நான் அந்தப் பிள்ளைத்தாச்சியப் பாத்துட்டுத்தான் வருவேன்" என்றார்கள். செருப்புக்கு மேல் மாட்டிக்கொள்ள வெள்ளைத் துணி உறை கொடுத்தார்கள். அதை மாட்டிவிடவே பத்து நிமிடம். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் நான். ஒவ்வொரு படிக்கும் ஒரு பெருமூச்சு. எங்கள் குழுவில் வந்த மற்றவர்கள் இறங்கிக்கொண்டிருக்கையில் நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். கீழே மஞ்சள் கொடி பொறுமையிழந்து ஆடியது.

உள்ளே அரையிருள். கல்லில் செதுக்கிய வேலித்தட்டிகளுக்கு நடுவே இரண்டு பளிங்குப் பேழைகள். உண்மையான கல்லறைகள் இதற்கு நேர் கீழே, நிலவறையில் உள்ளன. மும்தாஜின் பேழை மிகச் சரியாக நடுவில் இருக்கிறது. பின்னால் வந்து சேர்ந்த ஷாஜகானுடையது பக்கத்தில், அளவில் பெரியது. எல்லாம் இருபுறமும் ஒத்து அமைந்த அந்தக் கட்டடத்தில் ஒழுங்குக்கு வெளியே நிற்பது கட்டியவரின் பேழை ஒன்றுதான். பளிங்கில் பதித்த வண்ணக் கற்பூக்களைப் பார்க்கச் சொல்லி ஆச்சிக்குக் காட்டினேன். ஆச்சி பூவைப் பார்க்கவில்லை. சிறிய பேழையை நோக்கிக் கைகூப்பி நின்றார்கள். காவலர் நகரச் சொன்னபொழுதும் உடனே நகரவில்லை.

எங்களால் எல்லோருக்கும் நேரம் தவறியது. மதிய உணவை அள்ளிப் போட்டுக்கொண்டோம். சாப்பாட்டுக்குப்பின் ஆக்ராவின் புகழ்பெற்ற பேட்டா என்னும் இனிப்பைக் கொடுத்தார்கள். ஆச்சி ஒரு கடி கடித்துவிட்டு, "இது தடியங்காயில்லா!" என்று கண்டுபிடித்தார்கள். இத்தனை தூரம் வந்தும் தடியங்காய்!

ஆக்ராக் கோட்டையில் ஒரு மணி நேரம்கூட இல்லை. யமுனைப் பக்கம் உள்ள எண்கோண மாடத்தை வழிகாட்டி காட்டினார். 1658இல் ஔரங்கசீப் தந்தையைச் சிறைவைத்தது இந்தக் கோட்டையில்தான். 1666இல் இறக்கும்வரை ஷாஜகான் இங்கிருந்தே தாஜ்மகாலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்றுக்கு அப்பால் அது புகைமூட்டத்தில் சிறு பொம்மை போலத் தெரிந்தது.

"அந்த எட்டு வருசமும் கெழவனுக்கு யாரு சோறு போட்டா?"

இம்முறை நான் வெட்கப்படாமல் கேட்டேன். இம்முறை வழிகாட்டிக்கும் விடை தெரிந்திருந்தது. மகள் ஜஹனாரா. அவளை யாரும் சிறைவைக்கவில்லை. தானாகவே தந்தையோடு தங்கிவிட்டாள் என்றார்.

"மூத்தவளா?"

"ஆமாம், மூத்த மகள்."

"நெனச்சேன்" என்றார்கள் ஆச்சி.

மாலை 5.50க்குத் திரும்பும் வண்டி. சற்று நேரத்தில் வெளியே இருட்டிவிட்டது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். அப்பொழுதுதான் ஆச்சி, யாரிடமோ சொல்வதுபோல, எனக்குச் சொன்னார்கள்.

ஆச்சி பிறந்தது 1948. தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூர். நள்ளிரவில் பேறுகாலம் கண்டு, பிள்ளை பிறந்தபின் தாய்க்கு இரத்தம் நிற்கவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோகையில் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. ஆச்சியின் அக்காவுக்கு அன்று 13 வயது. எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்திற்கு அன்று போகாதவர் பிறகு போகவே இல்லை. பசும்பாலில் தண்ணீர் கலந்து, சங்கில் ஊற்றிப் புகட்டி, தங்கையை இடுப்பிலேயே வைத்துச் சோறு பொங்கினார். அந்தத் தங்கையைப் பதினொன்றாம் வகுப்பு வரை, அக்காலத்து எஸ்.எஸ்.எல்.சி. வரை, படிக்க வைத்தார். "நீ இப்பப் படிக்கியே, அதே வகுப்புதான்" என்றார்கள் ஆச்சி. தங்கைக்குக் கல்யாணம் முடியும்வரை தமக்கு வேண்டாம் என்று இருந்தவருக்குப் பிறகு ஆகவே இல்லை.

அந்தப் பெரிய ஆச்சியை நான் பார்த்ததில்லை. 2004இல், நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் உண்டு. வாக்காளர் அட்டையிலிருந்த சிறு படத்தைப் பெரிதாக்கியதால் முகம் மங்கி, கண் மட்டும்தான் தெரியும். வேறு படம் எடுக்கவே இல்லையாம். ஆற்றங்கரையில் தகனம் செய்ததால், போய் நின்று பார்ப்பதற்கு ஓர் இடமும் கிடையாது.

"எங்கம்மா முகம் எனக்குத் தெரியாது. அதனால எனக்கு அழுகை வராது. அக்காவை நெனச்சாத்தான் வரும்" என்றார்கள். வண்டி நூற்றைம்பதுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. முந்திய இரவு முணுமுணுத்ததற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது, கேட்கவில்லை. ஆச்சியின் காலை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். டில்லி வரும்வரை பிடித்துவிட்டேன்.

ஊர் திரும்பியபின் ஆச்சியின் கேள்வி என்னை விடவில்லை. வரலாற்று சிஸ்டரிடம் சொன்னேன். அவர்கள் சிரிக்கவில்லை. நூலகத்திலிருந்து இரண்டு தடித்த புத்தகங்களை எடுத்துக் கொடுத்து, "நீயே தேடு" என்றார்கள். தேடினேன்.

அந்தப் பதினான்காவது குழந்தை ஒரு பெண். பெயர் கௌஹராரா பேகம். தாய் இறந்தபொழுது மூத்தவள் ஜஹனாராவுக்கு வயது 17. அரண்மனைப் பெண்கள் அனைவருக்கும் தலைமை ஏற்கும் பொறுப்பு அந்த வயதிலேயே அவள்மேல் வந்தது. துக்கத்தில் மூழ்கிய தந்தையையும், தம்பி தங்கையரையும் அவளே பார்த்துக்கொண்டாள். தாய் தொடங்கிவைத்த தம்பி தாராவின் திருமணத்தை 1633இல் முன்னின்று நடத்தியதும் அவளே. அவளுக்குத் திருமணம் நடக்கவே இல்லை. டில்லியில் நாங்கள் வளையல் வாங்கிய சாந்தினி சௌக் கடைத்தெரு அவள் அமைத்ததுதான். 1681இல் அவள் இறந்தாள். அவள் கல்லறை நிஜாமுதீன் தர்காவில் இருக்கிறது. சுற்றிலும் பளிங்குத் தட்டி, மேலே கூரை இல்லை. கல்லறையின் மேற்புறமும் மூடப்படவில்லை. அங்கே மண்ணும் பசும்புல்லும்தான். அதுவே அவள் விருப்பமாம்.

அன்று மாலையே ஆச்சிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

"புல்லு மட்டுந்தானா?" என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்கள். பிறகு, "அந்தச் சின்னப் பிள்ளை என்னாச்சு? நல்லா இருந்துச்சா?" என்றார்கள்.

"1706 வரை இருந்திருக்கிறாள், ஆச்சி. 75 வயது."

"எனக்கும் இந்த ஆவணி வந்தா எழுபத்தஞ்சு" என்றார்கள். அப்புறம் திடீரென்று, "ஏட்டி, நிஜாமுதீன்னுதானே அந்த ரயில் ஸ்டேசனுக்கும் பேரு? பக்கமா?" என்று கேட்டார்கள்.

வெகு பக்கம் என்றேன்.

"ராத்திரி வந்து எறங்கி, அந்த வாசல்ல ஆட்டோவுக்கு அரை மணி நேரம் நின்னோமே! தெரிஞ்சிருந்தா மறுநாளு ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வந்திருக்கலாமேட்டி."