வீட்டுக்கு ஒரு கார், அப்பாவுக்கு ஒரு கார், ரெண்டும் ஒரே கார்!

"ஃபேமிலி கார்" என்றதும் என்ன ஞாபகம் வரும்? டிக்கியில் அரிசி மூட்டை, பின் சீட்டில் மூணு பேர், "மைலேஜ் எவ்ளோ குடுக்குது?" என்கிற கேள்வி. "பெர்ஃபார்மன்ஸ் கார்" என்றதும்? ரெண்டு கதவு, சிவப்பு கலர், விலை கேட்டால் மயக்கம். இந்த ரெண்டும் ஒரே வண்டியில் கிடைக்குமா என்பதுதான் ஆறு மாதமாக எங்கள் வீட்டில் நடந்த பட்டிமன்றம். நடுவர் அம்மா. எதிரணித் தலைவரும் அம்மாவேதான் :-)

முதலில் எங்கள் வீட்டுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஊர் பொள்ளாச்சி. அப்பா, அம்மா, அப்பத்தா, தங்கச்சி, நான் என்று அஞ்சு பேர். மாமா வால்பாறையில் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். அதனால் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையாவது மலை ஏறியாக வேண்டும். ஆழியார் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. தங்கச்சி பத்தாவது வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிடுவாள். அப்பத்தாவுக்கு வயசு 78, ரெண்டு முழங்காலிலும் தேய்மானம்.

இருந்த வண்டி பதினோரு வருஷப் பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹாட்ச்பேக். ஊருக்குள் தங்கம். ஆனால் அஞ்சு பேரும் பையும் சேர்ந்தால் 350 கிலோ கூடிவிடும். மலையில் ஒரு லாரியை முந்த வேண்டுமென்றால் செகண்ட் கியர் போட்டு, இன்ஜின் கதறக் கதற, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு...

அப்பா பற்றியும் ஒரு வார்த்தை. அவருக்கு கார் ஓட்டுவது வேலை இல்லை, ஆசை. செட்டிபாளையத்தில் 2003-ல் கரி மோட்டார் ஸ்பீட்வே திறந்த பிறகு, ரேஸ் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விடுவாராம். நான் கொஞ்சம் வளர்ந்ததும் என்னையும் கூட்டிப் போயிருக்கிறார். ஆனால் அவர் வாங்கிய வண்டி எல்லாமே மைலேஜ் பார்த்து வாங்கியதுதான். இப்போது 54 வயசு. "இது ஒண்ணுதான்டா கண்ணு, எனக்குப் புடிச்ச மாதிரி வாங்கறது. அடுத்தது நீ வாங்கற வண்டி" என்றார். விஷயம் சீரியஸ் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சரி, கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம். குடும்ப வண்டியில் வேகத்தைக் கொண்டுவரும் யோசனை புதுசு இல்லை. ஃபோக்ஸ்வேகனில் சில இன்ஜினியர்கள் வேலை நேரம் போக மீதி நேரத்தில் உட்கார்ந்து கோல்ஃப் காருக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் வடிவம் செய்தார்கள். 1975 ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் காட்டி, 1976-ல் விற்பனைக்கு வந்தது கோல்ஃப் ஜிடிஐ. 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ. 5000 வண்டி விற்றால் போதும் என்று ஆரம்பித்தது, முதல் தலைமுறையிலேயே நாலரை லட்சத்தைத் தாண்டியது. காரணம் ரொம்ப எளிமை. வாரம் முழுக்க ஆபீஸ், காய்கறி, பள்ளிக்கூடம். சனிக்கிழமை மலை. ரெண்டுக்கும் ஒரே சாவி.

இந்தியாவுக்கும் 2025-ல் ஜிடிஐ வந்தது. முதல் தவணையில் 150 வண்டி மட்டும், விலை 50 லட்சத்துக்கு மேலே. நமக்கு அது சுவரில் ஒட்டும் போஸ்டர்தான். நம்ம ஊரில் இந்த ருசியைப் பரவலாகக் காட்டியது 2004-ல் வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், அப்புறம் 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ. 2022-ல் போலோவை இங்கே நிறுத்தியபோது அப்பா ஏதோ சொந்தக்காரர் போன மாதிரி ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை.

இப்போது பெர்ஃபார்மன்ஸ் என்றால் என்ன என்று பார்ப்போம். மெக்கானிக்கல் படிக்கிற பையன் என்பதால் இந்த ஒரு பத்தியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பேப்பரில் போடுகிற குதிரைத்திறன் இன்ஜின் உச்ச சுற்றில் இருக்கும்போது வருவது. குடும்பத்தோடு போகையில் யாரும் அங்கே போவதில்லை. நமக்கு வேண்டியது கீழ்ச் சுற்றில் கிடைக்கும் டார்க், அதாவது முறுக்கு விசை. எங்கள் பழைய வண்டி 4000 சுற்றுக்குப் போனால்தான் 115 நியூட்டன் மீட்டர் கொடுக்கும். ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டிகளில் வரும் 1.5 டிஎஸ்ஐ டர்போ இன்ஜின் 1600 சுற்றிலேயே 250 கொடுக்கிறது. ரெண்டு மடங்குக்கு மேல், பாதிச் சுற்றுக்கும் கீழே.

இதனால் என்ன லாபம்? ஒரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரியை முந்த 8 வினாடி ஆனால், எதிர்ப் பக்கத்தில் 133 மீட்டர் ஓடுகிறோம். அதையே 5 வினாடியில் முடித்தால் 83 மீட்டர். அந்த 50 மீட்டர் வித்தியாசத்தில்தான் எதிரே பஸ் வரும். அம்மாவிடம் நான் வைத்த வாதம் இதுதான்: சக்தி இருப்பது வேகமாகப் போக இல்லை, ஆபத்தான இடத்தில் குறைவான நேரம் இருக்க. அம்மா கேட்டுவிட்டு, "செரி, பிரேக்கு எப்படி?" என்றார். நியாயமான கேள்வி!

அடுத்து வரி. நம்ம நாட்டில் கார் ஆசைக்கு குறுக்கே நிற்பது 4 மீட்டர் ஸ்கேல். 22.09.2025 முதல், 4 மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். ரெண்டில் ஒன்று மீறினாலும் 40. அதனால் எங்கள் பட்டியலும் ரெண்டாகப் பிரிந்தது.

ஒன்று, ஹூண்டாய் ஐ20 என் லைன். 2021-ல் வந்தது. 3995 மில்லிமீட்டர், 998 சிசி டர்போ, 120 குதிரைத்திறன். சாதா ஐ20-யை விட சஸ்பென்ஷன் இறுக்கம், ஓட்ட ஜாலி. டிக்கி 311 லிட்டர். அஞ்சு பேர் பைக்கு அது பத்தாது, மடியில்தான் வைக்க வேண்டும்.

ரெண்டு, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் 1.5. 2022-ல் வந்தது. 150 குதிரைத்திறன், அந்தக் காலத்து ஆக்டேவியா ஆர்எஸ் கொடுத்த அதே அளவு. டிக்கி 521 லிட்டர், மாமா கொடுத்தனுப்பும் மூட்டை முடிச்சு எல்லாம் போக மிச்சமிருக்கும். குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் 5 நட்சத்திரம். அப்பா மனசு இதில்தான்.

டெஸ்ட் டிரைவ் வண்டி வீட்டுக்கே வந்தது. அப்பா ஓட்டினார், நான் பின்னால். உடுமலை ரோட்டில் அரை மணி நேரம். திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்த்தே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் போலிருந்தது. அப்புறம் அப்பத்தாவை உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார். இறங்கும்போது ஒரு கை கதவில், ஒரு கை என் தோளில், மூணாவது முயற்சியில்தான் எழுந்தார். "வண்டி நல்லாத்தான் இருக்குது சாமி. நீங்க போயிட்டு வாங்க, நான் ஊட்டைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கு ராத்திரி அம்மா சொன்னது ஒரே வாக்கியம். "ஏனுங்க, அத்தையை ஊட்ல உட்டுப்போட்டுப் போறதுக்கு எதுக்குங்க காரு?"

அப்பா பதில் சொல்லவில்லை. ரெண்டு நாள் யாருமே கார் பேச்சு எடுக்கவில்லை.

மூணாவது நாள் நான் டைகூனை எடுத்துக் காட்டினேன். விர்டஸுக்கும் டைகூனுக்கும் ஒரே அடித்தளம், ஒரே 1.5 இன்ஜின், வீல்பேஸ்கூட அதே 2651 மில்லிமீட்டர். இதற்கும் 5 நட்சத்திரம். உயரம்தான் வேறு: விர்டஸ் 1507, டைகூன் 1612. கூரை உயர்ந்த அளவுக்கு சீட்டும் கொஞ்சம் மேலே. குனிந்து விழாமல், நேராகத் திரும்பி உட்காரலாம். பதிலுக்கு இழப்பது? டிக்கி 385 லிட்டராகக் குறையும். எடை மேலே ஏறுவதால் வளைவில் கொஞ்சம் கூடுதலாகச் சாயும். இது இயற்பியல், எந்த விளம்பரமும் இதை மாற்றாது.

புதுசு வாங்கினால் கடன் தவணை தங்கச்சியின் காலேஜ் ஃபீஸோடு மோதும் என்று அம்மா நோட்டில் எழுதியே காட்டிவிட்டார். ஆகவே 2023-ல் பதிவான, ஒரே கை மாறிய டைகூன் 1.5. வாங்கும் முன் ஓனரிடம் ஒரே ஒரு நிபந்தனை: அஞ்சு பேரும் ஏறுவோம், ஆழியார் தாண்டி முதல் சில வளைவு வரை போவோம். நல்ல மனுஷர், சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டார்.

அப்பா வேகமாக ஓட்டவே இல்லை. வளைவுக்கு முன்னாலேயே பிரேக், மெதுவாக ஸ்டியரிங், வெளியே வரும்போது ஒரே சீரான மிதி. இன்ஜினில் சக்தி மிச்சம் இருப்பதால் அடிக்கடி கியர் மாற்றி உலுக்க வேண்டியதில்லை. தங்கச்சி எலுமிச்சம்பழத்தை எடுக்கவில்லை. அப்பத்தா ஜன்னல் வழியாக அணையைப் பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் ஒரு இடத்தில் மட்டும், ரோடு காலியாக இருந்தபோது, அப்பா செகண்ட் கியரில் கொஞ்சம் அழுத்தினார். அம்மா முறைத்தார். அப்பா சிரித்தார்.

"விர்டஸ் இன்னும் கொஞ்சம் நல்லாத் திரும்பும்" என்று இறங்கியதும் என் காதில் மட்டும் சொன்னார். அது உண்மை. அவர் விட்டுக்கொடுத்தது அந்தக் கொஞ்சத்தை.

இதே யோசனையில் இருக்கிறவர்களுக்கு என் அட்வைஸ் ஒன்றுதான். டெஸ்ட் டிரைவுக்கு ஓட்டுறவர் மட்டும் போகாதீர்கள். வீட்டிலேயே ஏறி இறங்க அதிகமாகக் கஷ்டப்படுகிறவரைக் கூட்டிப் போங்கள், அவரைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். அவர் சரி என்று சொல்கிற வண்டிகளில் எது ஓட்ட நன்றாக இருக்கிறதோ அதை எடுங்கள். வரிசையைத் தலைகீழாக்கினால் வண்டி போர்டிகோவில் பளபளவென்று நிற்கும், பாதிக் குடும்பம் வீட்டில் நிற்கும்.

டிஸ்கி: மைலேஜ் பற்றி யாரும் கேட்காதீர்கள். அம்மா பக்கத்தில் இருக்கிறார்.