பலாமேல் விழுந்த பழி

பண்ருட்டிப் பக்கம் சித்திரை பிறந்துவிட்டால் காற்றே பழுத்துவிடும். காடாம்புலியூருக்குப் போகும் பேருந்தின் சன்னல் வழியாக, ஊர் வருவதற்கு முன்னால் பலா வாசனை வந்து ஏறிக்கொள்ளும். சாலையோரம் கீற்றுக் கொட்டகைகளில் பழங்களைக் குவித்து வைத்திருப்பார்கள். லாரிகளில் வைக்கோல் பரப்பி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். கோடை விடுமுறைக்கு ஆயா வீட்டுக்குப் போகும் எங்களுக்கு அந்த வாசனைதான் பள்ளிக்கூடம் முடிந்ததற்கான அத்தாட்சி.

ஆயா வீட்டைச் சுற்றிச் செம்மண் நிலம். முந்திரித் தோப்பு, அதன் வரப்போரங்களில் பலா. கிணற்றடியில் நின்ற மரம்தான் இருப்பதிலேயே மூத்தது. மற்ற மரங்கள் பெருங்கிளையில் காய்த்தால் அது அடிமரத்தில், மண்ணை ஒட்டிக் காய்க்கும். பலாவின் வழக்கமே அதுதான்; பழத்தின் கனத்தை நுனிக்கிளை தாங்காது என்பதால் தண்டிலும் பெருங்கிளையிலும்தான் காய் விடும். தாத்தா காலையில் பல் துலக்கிக்கொண்டே ஒவ்வொரு பழமாகச் சுண்டிப் பார்த்து வருவார். ஓசை மந்தமாக, உள்ளே காற்று இருப்பதுபோல் கேட்டால், ‘நாளைக்கு அறுக்கலாம்’ என்பார்.

அறுப்பது மாமாவின் வேலை. திண்ணையில் சாக்கை விரித்து, கத்தியிலும் முழங்கை வரையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவார். பழத்தைப் பிளந்ததும் வெள்ளைப் பால் கசியும். ஒரு குச்சியில் அதைச் சுற்றிச் சுற்றி எடுத்துவிட்டு நடுத்தண்டை அரிவார். அதற்குப் பிறகுதான் நாங்கள் கிட்டே போக அனுமதி. சுளைகள் பெரிய அலுமினியக் குண்டானில் விழும். சக்கையும் தோலும் மாட்டுக்கு. கொட்டைகளை அத்தை கழுவி உலர்த்தி, அடுப்படி மூலையில் மண்ணுக்குள் புதைத்து வைப்பார். மழைக்காலத்தில் முருங்கைக்கீரையோடும் கருவாட்டோடும் அவை வெளியே வரும். வந்தவர் யாரும் அந்த வீட்டிலிருந்து வெறுங்கையோடு போனதில்லை. சம்பந்தி வீட்டுக்கு முழுப் பழம், அக்கம்பக்கத்துக்குத் தூக்குவாளி நிறையச் சுளை. அந்த ஊரில் பலாப்பழம் கொடுப்பது உறவைப் புதுப்பிப்பதற்குச் சமம்.

நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில் ஒரு மத்தியானம், கிணற்றடி மரத்தின் முதல் பழத்தை அறுத்தார்கள். எல்லோரும் தின்றோம். அன்று இரவு எனக்கு வாந்தி கண்டது. பிறகு வயிற்றுப்போக்கு, விடியும்போது காய்ச்சல். என்னைத் தூக்கிக்கொண்டு மாமா பண்ருட்டி ஆஸ்பத்திரிக்குச் சைக்கிள் மிதித்தது அரைகுறையாக நினைவிருக்கிறது. வழி நெடுகக் கொட்டகைகள், வழி நெடுக அந்த வாசனை. ஒவ்வொரு கொட்டகையைத் தாண்டும்போதும் வயிறு மேலே எழும்பி வந்தது.

அந்த வாரம் தெருவில் வேறு சில பிள்ளைகளும் இதேபோல் படுத்தார்கள் என்று அம்மா பின்னால் சொன்னார். பழத்தைத் தொடாத பிள்ளைகளும் அவர்களில் இருந்தார்கள். என்னோடு உட்கார்ந்து என்னைவிட அதிகம் தின்ற மாமா மகன் மறுநாள் காலையில் கோலி ஆடிக்கொண்டிருந்தான். குற்றம் தண்ணீர்மேல் இருந்திருக்க வேண்டும். ஆனால் என் உடம்பு விசாரிக்காமல் தீர்ப்பெழுதிவிட்டது. தேறி எழுந்து வந்தபோது ஆயா வீட்டுத் திண்ணையில் இன்னொரு பழம் அறுபட்டுக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டேன். நாக்கின் அடியில் நீர் சுரந்து, தொண்டை அடைத்துக்கொண்டது.

அடுத்த ஆண்டு சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவில்லை. மாமாவுக்கு அது பெரிய வருத்தம். “நம்ம ஊட்டுப் பழத்தையா வாணாங்கிற? ஊர் ஊரா வந்து கேட்டு வாங்கிட்டுப் போறாங்கடா” என்பார். அவர் கோபப்பட்டதில்லை. சுளையைக் கையில் ஏந்தியபடி நிற்பார். அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் நான் தோப்புக்குள் போய்விடுவேன். அத்தை வேறு வழி பார்த்தார். பழத்தை அரைத்து வெல்லம் சேர்த்துப் பணியாரம் சுட்டு, “வாழப்பழந்தான் மாப்ள, ஒரு வாய்” என்று நீட்டுவார். பணியாரம் மூக்கின் அருகே வருவதற்குள் தெரிந்துவிடும். ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் என் தாடையைப் பிடித்து வாய்க்குள் திணித்தார். அங்கேயே வாந்தி எடுத்தேன்.

அன்றைக்கு ஆயா எழுந்து வந்தார். என் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, “வாணாம்னா உட்ருங்கடா. அவன் மனசு ஒண்ணும் சொல்லல. ஒடம்பு நெனப்பு வச்சிருக்கு” என்றார். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நான் விடுமுறைக்கு வந்திருக்கும்போது பழம் அறுக்கும் இடம் திண்ணையிலிருந்து மாட்டுக் கொட்டகைக்கு மாறியது.

ஆயாவால் அதைச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் இருந்தது. அவர் மரவள்ளிக்கிழங்கு தின்ன மாட்டார். எங்களுக்கு வேகவைத்துத் தாளித்துத் தருவார், உப்புப் பார்க்க வேண்டுமென்றால்கூட அத்தையைக் கூப்பிடுவார். 1960களின் நடுவில் அரிசி கிடைக்காமல் தவித்த காலத்தில், வேளைக்கு வேளை அதுவே உணவாக இருந்ததாம். தின்றதில் நோய் எதுவும் வரவில்லை, பசிதான் ஆறியது. இருந்தும், நிலைமை சீரான பிறகு ஒரு துண்டும் அவருக்கு உள்ளே இறங்கவில்லை. எதையாவது வேண்டாமென்று ஒதுக்குகிறவர்களைத் திமிர் பிடித்தவர்கள் என்று யாராவது பேசினால் எனக்கு ஆயா நினைவுதான் வரும்.

பழம்தான் எனக்கு ஆகாமல் போயிற்று. மரத்தின் மேல் எனக்கிருந்த பாசத்துக்குக் குறைவில்லை. மூசு என்கிற பிஞ்சாக இருக்கும்போது பறித்துச் செய்யும் பொரியலைத் தின்றேன், கொட்டைக் குழம்பைக் கேட்டு வாங்கித் தின்றேன். பழுக்கும்போது உண்டாகும் எஸ்டர்கள்தான் பலாவின் வாசனைக்கு முக்கியக் காரணம். பிஞ்சில் அவை இல்லை. என் உடம்பு அந்த வாசனையைத்தான் எதிரியாகக் குறித்து வைத்திருந்தது. மரத்தின் மேலிருந்த பாசம் புயலில்தான் தெரிந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. காற்று மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கிணற்றடி மரமும் போனது. மாமா அதன் தண்டில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். விதை போட்டு வளர்க்கும் பலா காய்க்க ஏழெட்டு ஆண்டாகும். அந்த வயதில் அவருக்கு அது மிக நீண்ட கணக்கு. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

ஆயா சொன்னதன் முழு அர்த்தம் பல ஆண்டுகளுக்குப் பின், ஜான் கார்சியா என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வைப் படித்தபோதுதான் விளங்கியது. 1955இல் அவரும் கூட்டாளிகளும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் கொடுத்து, கூடவே காமாக் கதிர்வீச்சுக்கும் உட்படுத்தினார்கள். கதிர்வீச்சால் எலிகளுக்கு உடம்பு கெட்டது. பழியை அவை இனிப்பு நீரின்மேல் போட்டன. பிறகு அதைக் குடிக்க மறுத்தன. தண்டனை உடனுக்குடன் வந்தால்தான் விலங்கு பாடம் கற்கும் என்று அந்நாளைய அறிஞர்கள் நம்பினார்கள். ஆனால் உண்டதற்கும் குமட்டலுக்கும் இடையில் சில மணி நேரம் கடந்தாலும் உடம்பு இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறது என்று அடுத்தடுத்த சோதனைகள் காட்டின. 1966இல் வந்த இன்னொரு சோதனை கூடுதலாக ஒன்றைச் சொன்னது: குமட்டல் வந்தால் எலி சுவையைச் சந்தேகிக்கிறது, ஒளியையும் ஓசையையும் விட்டுவிடுகிறது. நஞ்சைத் தின்று பிழைத்த உயிர் அதை மறுமுறை தொடாமலிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. பழம் குற்றமற்றது என்று எனக்குத் தெரிந்து என்ன பயன்? அந்தக் காவலுக்கு அறிவின் வாக்குமூலம் தேவைப்படுவதில்லை.

இதில் என் மனத்தை மிகவும் தொட்டது சியாட்டிலில் ஐலீன் பெர்ன்ஸ்டைன் குழந்தைகளிடம் செய்த ஆய்வு. புற்றுநோய்க்கு மருந்தேற்றும் சிகிச்சையில் கடும் குமட்டல் வரும். சிகிச்சைக்குச் சற்று முன் புதுச் சுவை கொண்ட ஐஸ்கிரீம் தின்ற பிள்ளைகளில் பலர் பிறகு அதே ஐஸ்கிரீமை ஒதுக்கினார்கள். இது 1978இல் வெளியானது. அதே பெர்ன்ஸ்டைன் இன்னொருவரோடு சேர்ந்து 1987இல் ஒரு தீர்வையும் வெளியிட்டார். பிள்ளை சாப்பிட்ட உணவுக்கும் சிகிச்சைக்கும் நடுவில், சுவை தூக்கலான மிட்டாய் ஒன்றைக் கொடுத்தார்கள். பழியின் பெரும் பங்கு மிட்டாய்மேல் போய், சாப்பாடு ஓரளவு தப்பித்தது.

நம் வீடுகளில் இந்த வேலையைச் செய்துவந்தது ரொட்டி. அப்பா காலத்துப் பிள்ளைகளுக்கு ரொட்டியும் பொறையும் காய்ச்சல் வந்தால் மட்டும் கடையிலிருந்து வரும். அப்பா கடைசி வரை ரொட்டியை விரும்பவில்லை. பாலில் நனைந்த ரொட்டியைக் கண்டாலே மருந்து நெடி அடிக்கிறது என்பார். ஆனால் இட்லியும் மீன்குழம்பும் அவருக்குக் கெடாமல் இருந்தன. காய்ச்சல்காரப் பிள்ளைக்குக் கஞ்சியைத் தவிர வேறெதுவும் காட்டாத பாட்டிகளின் கண்டிப்பை நான் இப்போது மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

குமட்டலோடு படுத்திருக்கும் பிள்ளைக்கு, ‘உனக்குப் பிடிக்குமே’ என்று ஆசைப் பண்டத்தை எடுத்துப் போகாதீர்கள். மருத்துவர் வேறு சொல்லாதவரை கஞ்சி போதும், ரொட்டி போதும். ஆசைப் பண்டம், பிள்ளை தேறி எழுந்து, பசிக்கிறது என்று தானே வந்து கேட்கும் நாளுக்கு இருக்கட்டும்.