களஞ்சியமாக இருந்த கோயில்

லண்டனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, எஸ்ஸெக்ஸ் கடலோரத்து பிராட்வெல்லுக்குக் கூட்டிப் போனாள். வயல்வெளியில் தன்னந்தனியாக ஒரு கல் கட்டடம். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றேன்.

கி.பி. 654 வாக்கில், ரோமானியரின் பாழடைந்த கோட்டைச் சுவர்மேல், அந்தக் கற்களைக் கொண்டே செட் என்ற துறவி எழுப்பிய புனித பேதுரு ஆலயமாம் அது! நாளடைவில் வழிபாடு நின்று, தானியக் களஞ்சியமாகிவிட்டது. வண்டி நுழையச் சுவரையே இடித்திருக்கிறார்கள். பிறகு அடைத்த தடம் இன்னும் தெரிகிறது. 1920-ல் பழுதுபார்த்து மறுபடி வழிபாட்டுக்குத் திறந்தார்கள். இன்று அது சட்டப் பாதுகாப்புப் பெற்ற முதல்தரச் சின்னம்.

'அடடா, கோயிலைப் போய் களஞ்சியமாக்கினார்களே!' என்று முதலில் மனசு பதறியது. யோசித்தால், ஏதோ ஒன்றுக்குப் பயன்பட்டதால்தானே சுவர் நின்றது?

ஊர் திரும்பியதும், பழைய பாத்திரக்காரரிடம் போட வைத்திருந்த மாமியாரின் வெண்கலப் பானையைப் பரணிலிருந்து இறக்கித் தேய்த்தேன். இனி பொங்கல் அதில்தான்!