குன்னத்து முட்டை

அக்கா பையனுக்கு வீட்டுப்பாடம். முட்டையிடும் உயிரினங்கள், அவை முட்டையிடும் இடங்கள். கோழிக்குக் கூடை, ஆமைக்குக் கடற்கரை மணல், குயிலுக்குக் காக்கா கூடு (பயல் கெட்டிக்காரன்!) என்று எழுதிக்கொண்டே வந்தவன், திடீரென்று நிமிர்ந்தான்.

"டைனோசர் எங்க மாமா முட்டை போட்டுச்சு?"

"நம்ம பக்கம்தான்டா. ஒண்ணு கொண்டாந்து தர்றேன்!"

வாய் சும்மா இருந்தால்தானே? மறுநாளே பெரம்பலூரில் பஸ் ஏறி, குன்னத்தில் இறங்கினேன். 2020 டிசம்பரில் அங்கே மண் அள்ளும்போது உருண்டை உருண்டையாகக் கிடைக்க, 'டைனோசர் முட்டை' என்று ஊரே திரண்டது ஞாபகமிருக்கிறதா?

ஒரு பெரியவர் ஆட்டுக் கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த உருண்டைக் கல்லைக் காட்டினார். "எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. ஆட்டுக்கு வேற கல்லு கிடைக்கும்."

காசே வாங்கவில்லை. பி.காம். படித்த எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அரியலூரில் ஜியாலஜி படித்த நண்பன் கல்லைப் பார்த்துச் சிரித்தான். "இது முட்டை இல்லப்பா. கடல் சேறு உருண்டு திரண்டு கல்லானது. உள்ளே அம்மோனைட் இருந்தாலும் இருக்கும்." ஆட்டுக்கிடா கொம்பு மாதிரி சுருண்ட ஓட்டோடு திரிந்த, கணவாய்க்குத் தூரத்துச் சொந்தம். குன்னத்து உருண்டைகளுக்கும் நிபுணர்கள் அப்போது இதைத்தான் சொன்னார்களாம். சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கெல்லாம் கடல். அந்தக் கடலின் சுண்ணாம்புதான் இப்போது லாரி லாரியாக சிமெண்ட் ஆலைக்குப் போகிறது.

என் முகம் போன போக்கைப் பார்த்து, செந்துறைப் பக்கம் ஓர் ஓடைக்கு அழைத்துப் போனான். 2009 அக்டோபரில் சேலம் பெரியார் பல்கலைக்கழகக் குழு, கொத்துக் கொத்தாக டைனோசர் முட்டைகளைக் கண்டதாக அறிவித்தது இந்தச் செந்துறைப் பக்கம்தான். ஒவ்வொன்றும் 13 முதல் 20 சென்டிமீட்டர் குறுக்களவு. அதுவும் மணல் கூடுகளில்!

"ஏன் மணல்ல?" என்றேன்.

"யானையைவிடப் பெரிய உடம்பு. மேலே உட்கார்ந்தா ஆம்லெட்! மணல்ல புதைச்சு மூடிட வேண்டியதுதான். பூமிச் சூடு பார்த்துக்கும். ஆமையும் அப்படித்தான். அதுலயும் ஆமைக்கு மணல் சூடு ஏறினா பெட்டை, குறைஞ்சா கடுவன்."

குனிந்து மணலைத் தொட்டேன். சுட்டது. ஒரு சின்னக் கல்லைக்கூட எடுக்க மனசு வரவில்லை.

வீட்டில் பயல் வாசலிலேயே நின்றான். கொட்டகைக் கல்லைக் கொடுத்து, "இது முட்டை இல்லைடா" என்று உண்மையைச் சொன்னேன். முகம் சுண்டிவிட்டது. செந்துறைக் கதை முழுசும் கேட்ட பிறகுதான் நோட்டை எடுத்து, 'டைனோசர் – செந்துறை, ஓடைக்கரை மணல்' என்று எழுதினான்.

மிஸ் அதைச் சிவப்பு மையில் சுழித்து, 'பாடத்தில் இல்லை. பெற்றோரை அழைத்து வரவும்' என்று எழுதி அனுப்பியிருக்கிறார். அக்கா என்னைத்தான் போகச் சொல்கிறாள்.