தோட்டாவில் தொடங்கும் கணக்கு

தேசிய சேவை முடித்து ஒரு மாதம்கூட ஆகாத என் அக்கா மகன், அமெரிக்கக் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளிவிட்டு ஒரு நாள் கேட்டான்: "மாமா, கையில காசு கம்மி. முதல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் வாங்கணும்னா எது வாங்கலாம்?"

சிங்கப்பூரில், கிளமெண்டியில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? இங்கே சட்டவிரோதமாக ஒரு துப்பாக்கி கையில் இருந்தாலே, 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. விளையாட்டுக்குச் சுடுகிறவர்கள்கூட காவல்துறை உரிமம் வாங்கிச் சங்கத்தில் சேர்ந்துதான் சுட வேண்டும். துப்பாக்கி அங்கேயே பூட்டில் கிடக்கும், வீட்டுக்கு வராது.

ஆனாலும் அவனைத் திட்டவில்லை. 1960களில் படைக்குத் துப்பாக்கி தேடி இந்த ஊரே கேட்ட கேள்விதான் அது. பதில் சொல்லக்கூடிய ஒருவர் 448ஆம் புளோக் அங்காடி நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார். சனிக்கிழமை காலை அவனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

ஐயாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. படையில் துப்பாக்கி பழுது பார்த்தே காலத்தைக் கழித்தவர். முகாம் பையன்களுக்கு அவர் 'ஆர்ம்ஸ்கோட் அங்கிள்'. இந்தியப் படையில் ஆயுத அறையை 'கோட்' என்பார்கள். அது பிரிட்டிஷ்காரன் காலத்தில் இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது. நம் கோட்டைக்கும் அதற்கும் உறவு இருக்க வேண்டும் என்பது என் ஆசை. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்குப் போகும் அவசரத்தில் பையன்கள் வரிசையில் நிற்க, அவர் ஒவ்வொரு குழலுக்குள்ளும் எட்டிப் பார்த்து, "அழுக்கு, திரும்பத் துடைச்சிட்டு வா" என்று அனுப்பிவிடுவாராம். எத்தனை பேரின் சாபம் அவர் தலையில் இருக்கிறதோ!

அங்காடி நிலையத்தில் உட்கார்ந்தோம். கோப்பி ஓ வந்ததும் என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவிக் கழற்றினார். ஸ்பிரிங்கை மேசையில் வைத்தார்.

"குண்டு குழல்ல ஓடுறப்ப அதைத் தள்ளிக்கிட்டு வாயு வருதில்ல, அதுல கொஞ்சத்தை வழியில திருடுறோம். அந்தத் திருட்டு வாயு போல்ட்டைப் பின்னாடி தள்ளும். காலிக் கூடு வெளிய துள்ளிடும். ஸ்பிரிங் போல்ட்டை முன்னாடி தள்ளுறப்ப அடுத்த குண்டு உள்ள ஏறிக்கும். ஆனா விசையை விட்டுத் திரும்ப அழுத்தினாதான் வெடிக்கும். அதுதான் செமி."

ஆரம்பத்தில் இங்கே இருந்தது பிரிட்டிஷ் வழி வந்த எஸ்எல்ஆர். 7.62 மில்லிமீட்டர் குண்டு, 20 குண்டு போடும் மேகஸின், குண்டில்லாமலே 4 கிலோவுக்கு மேல். குச்சி மாதிரி இருந்த நம் பையன்களின் தோளை அது உடைத்ததாம். பிறகு 5.56 குண்டு போடும் எம்16. அந்தத் தோட்டா ஒன்று ஏறக்குறைய 12 கிராம், பழையது அதில் இரண்டு மடங்கு. ஒரே சுமையில் இரண்டு பங்கு குண்டு தூக்கலாம்.

அவர் குரல் உயர்ந்தது இதற்குப் பிறகுதான். "தம்பி, 1967ல ஜூரோங்ல சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் ஆரம்பிச்சாங்களே, முதல்ல என்ன செஞ்சாங்க தெரியுமா? துப்பாக்கி இல்ல. குண்டு! துப்பாக்கியை ஒரு தடவை வாங்கினா போதும். குண்டுக்கு தினம் அடுத்தவன் வாசல்ல நிக்க முடியுமா?"

இது எனக்குப் புதுசு. அதைவிடப் புதுசு, அதே நிறுவனம்தான் 1968இல் நாணயச் சாலையையும் தொடங்கியது என்பது. பித்தளைத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி நீட்டினால் தோட்டாக் கூடு. உலோகத் தகட்டை வட்டமாக வெட்டி முத்திரை குத்தினால் காசு. இரண்டுக்கும் அழுத்து இயந்திரமும் அச்சும்தான் உயிர். அச்சு தேய்ந்தால் இரண்டும் கெடும்.

பிறகு கோல்ட் நிறுவனத்தின் உரிமத்தில் எம்16எஸ்1 இங்கேயே செய்தார்கள். வேறு நாட்டுக்கு விற்க அமெரிக்கா தலையசைக்க வேண்டும். சொந்தப் படைக்கு வேண்டியதைச் செய்து முடித்தபின் தொழிற்சாலை சும்மாவா நிற்கும்? அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் சார் 80. ஸ்டெர்லிங் நிறுவனத்தின் ஃபிராங்க் வாட்டர்ஸ் உதவியோடு, ஏஆர்18 வழியில், தகட்டை அழுத்திச் செய்த மலிவான உடம்பு. மேகஸின் மட்டும் எம்16உடையதே. பார்க்க அழகில்லை என்று ஐயாவே ஒப்புக்கொள்கிறார். "ஆனா சுத்தம் பண்ண லேசு. எம்16 வாயுவை நேரா போல்ட்டுக்கே கொண்டுவரும். அடுப்புக்கரியைச் சாப்பாட்டுத் தட்டுல கொட்டுற மாதிரி. இதுல ஒரு பிஸ்டன் இடையில நின்னு கரியை வாங்கிக்கும்." நம் படை என்னவோ 1999இல் சார் 21 வரும்வரை பெரும்பாலும் எம்16ஐத்தான் சுமந்தது.

அக்கா மகன் பொறுமையிழந்தான். "சரி தாத்தா, காசு கம்மின்னா எதைப் பார்த்து வாங்கறது?"

"குண்டு விலையை முதல்ல கேளு. அப்புறம் எக்ஸ்ட்ராக்டர், ஃபயரிங் பின், ஸ்பிரிங் பக்கத்துக் கடையில கிடைக்குதான்னு கேளு. கடைசியிலதான் துப்பாக்கி விலை. பழசுன்னா குழல் வாயைப் பாரு. சோம்பேறி எவனாவது முன்பக்கத்துலேர்ந்தே கம்பி விட்டுத் துடைச்சிருந்தா விளிம்பு தேஞ்சிருக்கும். அது போச்சுன்னா எவ்வளவு நல்ல குழலும் குறி தப்பும். பிறகு குண்டு உக்காருற அறையில கேஜ் போடணும். 'கோ' போட்டா போல்ட் மூடணும், 'நோ கோ' போட்டா மூடக்கூடாது. இதைச் செய்ய விடாதவன்கிட்ட வாங்காதே." பெயிண்ட், ஸ்கோப், மேலே மாட்டுகிற விளக்கு, எதைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டதற்குக் கையை வீசினார்.

மழை தூற ஆரம்பித்தது. கிளம்பும்போது பையனுக்கு என்ன தோன்றியதோ, என் குடையை மடக்கி மார்புக்குக் குறுக்கே பிடித்து, சோதனைக்குத் துப்பாக்கி நீட்டுவதுபோல விறைத்து நின்றான். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். ஐயா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, குடையை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பி, கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"துரு," என்று திருப்பிக் கொடுத்தார். "துடைச்சிட்டு வா."