ஷெட்டுக்குள் ஒரு சக்களத்தி!

"ஞாயித்துக்கிழமைன்னா உங்க வீட்டுக்காரரைக் கண்ணிலேயே காணோமே?" என்று அடுத்த வீட்டு மாமி அடிக்கடி கேட்பார். "சக்களத்தியோட இருக்கார் மாமி!" என்பேன். சகோதரிகளே, பதறாதீர்கள்! என் மாமனார் 1966-ல் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்தான் அந்தச் சக்களத்தி.

எங்கள் வீடு தாம்பரத்தில். அந்தக் கார் பிறந்ததோ ரயிலில் இரண்டே ஸ்டேஷன் தள்ளி, வண்டலூரில். மாமனார் காலமானபின் பதினோரு வருஷம் ஷெட்டில் முடங்கிக் கிடந்தது. பின் சீட்டில் பூனை குட்டி போடும். 2008-ல் ஒருநாள், "காயலாங்கடையில் போட்டால் துணி உலர்த்தவாவது இடம் கிடைக்குமே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். இவர் முகம் சுண்டிப் போயிற்று. "அப்பா எனக்கு ஓட்டக் கத்துக் கொடுத்த வண்டி" என்றார். அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போனவர், சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தார்.

"சாதாரணக் கார்னு நினைக்காதே. இங்கிலாந்திலே 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார் இதுக்குத் தங்கச்சி. இதோட சேஸிஸைக் குறுக்கித்தான் அதைச் செஞ்சாங்க. ரெண்டுக்கும் உருவம் கொடுத்தவர் மிச்செலோட்டின்னு ஒரு இத்தாலிக்காரர்" என்று பெருமை பேசுவார். "தங்கச்சிக்கு அழகு, அக்காவுக்குத் துருவா?" என்று நான் குத்திக் காட்டுவேன்.

துரு என்றால் கொஞ்சநஞ்சமல்ல. காலை வைத்தால் தரை தெரியும்! எஞ்சின் இறுகிப்போயிருந்தது. பிளக்குகளைக் கழற்றி, அந்தத் துளைகளில் எண்ணெய் விட்டு, நாள்கணக்கில் ஊறவைத்து, மெல்ல மெல்லச் சுற்றி அசைத்தார். முன் பக்கம் முழுவதும், மட்கார்டோடு சேர்ந்து, பெட்டி மூடிபோல் முன்னால் சாய்ந்து திறக்கும். அதைத் திறந்துவிட்டு டயர்மேல் உட்கார்ந்தே வேலை செய்வார். மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு கிரீஸும் போல்ட்டுமாய்ப் போயிற்று. அதற்காக நான் போட்ட சண்டைகளை எழுதினால் இந்த இதழ் போதாது.

ஆனால் 2009-ல் ஒரு மாலை நடந்தது சண்டையோடு போகிற விஷயமில்லை.

கார்புரேட்டர் பாகங்களைக் கழுவ, காலி ஜூஸ் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி ஷெட் வாசலில் வைத்திருந்தார். எங்கள் பாப்பாவுக்கு அப்போது இரண்டரை வயது. இருமல் சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து ஓடினேன். சட்டையெல்லாம் நனைந்து, குழந்தை வாயிலிருந்து மண்ணெண்ணெய் வாடை! என் மாமியார், "உப்புத் தண்ணி கொடு, வாந்தி எடுத்துடும்" என்று டம்ளரோடு வந்துவிட்டார். பெரியவன் பிறந்தபோது டாக்டர் சொன்னது எனக்கு எப்படியோ நினைவு வந்தது. "வேண்டாம் அத்தை!" என்று கத்தியேவிட்டேன். சட்டையைக் கழற்றி, மேலெல்லாம் சோப்புத் தண்ணீரில் துடைத்து, ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழியெல்லாம் இவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"வாந்தி எடுக்க வைக்கலையே?" இதுதான் டாக்டர் கேட்ட முதல் கேள்வி. மண்ணெண்ணெய் வயிற்றில் இருப்பதைவிட நுரையீரலுக்குள் இறங்குவதுதான் ஆபத்தாம். வாந்தியெடுக்கும்போது மூச்சுக்குழாயில் புகுந்து நுரையீரலைப் புண்ணாக்கிவிடுமாம். முதலில் நன்றாக இருக்கிற குழந்தைக்குக்கூடச் சில மணி நேரம் கழித்து மூச்சிரைப்பு வரலாம் என்று, எக்ஸ்ரே எடுத்து, இரவு முழுக்க வைத்துப் பார்த்தார்கள். தெய்வ கிருபை, மறுநாள் சிரித்துக்கொண்டே வீடு வந்தாள்.

வந்ததும் இவர் ஷெட்டைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார். "வித்துடலாம்" என்றார். குரல் உடைந்திருந்தது. இத்தனை நாள் நான் கேட்டது அதைத்தான். இருந்தும் என்னால் "சரி" என்று சொல்ல முடியவில்லை. தப்பு காருடையதா? சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "வேலை நடக்கட்டும், சட்டம் என்னுடையது!" என்றேன்.

என் சட்டங்களை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெய், தின்னர், ஆசிட் எதுவும் சாப்பிடுகிற பாத்திரத்திலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றக்கூடாது. அவற்றுக்குப் பூட்டுள்ள அலமாரிதான். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதனால் உலர்வாகத் தேய்க்காமல் தண்ணீர் விட்டு உப்புத்தாளில் தேய்க்க வேண்டும். பழைய பிரேக் கட்டைகளின் தூளில் கல்நார் இருக்கக்கூடும். ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிடவே கூடாது. அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். வேலைத் துணிகளைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

சாவி என்னிடம் இருந்ததால் நானும் ஷெட்டுக்குள் போக வேண்டியதாயிற்று. போனவளுக்குக் கை சும்மா இருக்குமா? மெருகு போடுவது என் பொறுப்பானது. பித்தளைக் குத்துவிளக்கு நினைவில் பம்பரில் சாம்பலும் புளியும் போடப் போனேன். "ஐயோ, முலாம் கீறிடும்!" என்று இவர் அலறினார். நிழலில் நிறுத்தி, மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். சோப்புக்கு ஒரு வாளி, துணி அலச இன்னொரு வாளி. மாமனாரின் பழைய வேட்டிதான் துடைக்கும் துணி. அது தரையில் விழுந்தால் எடுத்து மறுபடி தேய்க்கக்கூடாது. ஒட்டிய மண் பெயிண்டில் கோடு போட்டுவிடும். கடைசியில் மெழுகை மெல்லியதாகத் தடவித் துடைத்தால் முகம் பார்க்கலாம்!

2011 பொங்கலுக்கு வண்டி தெருவில் இறங்கியது. முன் சீட்டில் மாமியார், பின்னால் குழந்தைகளோடு நான். எங்கள் குறுகிய தெருமுனையில் ஒரே வளைப்பில் திரும்பினார் இவர். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடுகிற வண்டியாயிற்றே! மாமியார் டாஷ்போர்டைத் தடவிக்கொண்டே வந்தார். "உங்க அப்பா இந்த முனையிலேதான் ஹாரன் அடிப்பார்" என்றார். இவரும் அடித்தார்.

பாப்பா இப்போது கல்லூரியில் படிக்கிறாள். அந்த வண்டியில்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். ஷெட் சாவி மட்டும் இன்னமும் என் முந்தானையில்தான்!