கடைசி வாங்கும் கணினித் திரையும்

கல்லூரிகளின் விழா மலர்களிலே பரீட்சையிற் சிறப்புச் சித்தி எய்தினோரின் பெயர்களும், விளையாட்டிற் கேடயம் வென்றோரின் படங்களும் இடம்பெறுதல் வழக்கம். அது முறையே. ஆயினும் எக்காலத்தும் எவ்வகுப்பிலும் கடைசி வாங்கிலே ஒருவன் இருந்துவந்துள்ளான். காதாற் கேட்டதை மறவான். கணக்கை மனத்தாற் போட்டு விடை சொல்லுவான். புத்தகத்தை எடுத்து வாசி என்றால் மட்டும் நாவெழாது நிற்பான். அக்காலம் அவனுக்கு 'மொக்கு' என்று பெயரிட்டு, எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்கோ கடைக்கோ அனுப்பிவைத்தது. அவன் பெயர் எம்மலரிலும் இல்லை.

அத்தகைய ஒருவனைப் பற்றியே யாம் எழுதப் புகுந்தோம். அவன் இருப்பது யாழ்ப்பாணத்திலன்று. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில். எம் தமக்கையாரின் பேரன், வயது 15.

அவனுக்குள்ள இடரை டிஸ்லெக்சியா என்பர். அஃது அறிவுக் குறைவன்று. எழுத்தை ஒலியோடு இணைத்துச் சொல்லாக்கும் தொழில் எளிதிற் கைகூடாமை. சாமுவேல் ஓட்டன் என்னும் அமெரிக்க நரம்பியல் மருத்துவரும், அன்னா கில்லிங்ஹாம் என்னும் ஆசிரியையும் 1930களில் இதற்கு ஒரு முறை வகுக்கலாயினர். பிள்ளை ஒலியை வாயாற் சொல்லி, காதாற் கேட்டு, எழுத்தை விரலால் வரைந்து, படிப்படியாக ஏறுதல் வேண்டும். இம்முறையில் மணற்றட்டில் எழுதுவித்தலும் உண்டு. திண்ணையிலிருந்து மணலில் 'அ' எழுதிய எம் பாட்டன்மார் இதைக் கேட்டிருந்தால் நகைத்திருப்பர்.

ஒன்ராறியோவில் 1980ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், விசேட தேவையுடைய மாணவருக்கு உரிய கல்வியை அளித்தல் அரசினர் பாடசாலைச் சபைகளின் கடமை என விதித்தது. ஒரு குழு கூடி மாணவனின் தேவையை ஆராயும். அக்குழுவிற் பெற்றோர் சென்று அமரலாம். முடிவு ஒவ்வாதாயின் மேன்முறையீடு செய்யலாம். பின்னர் அவனுக்கென ஒரு தனித் திட்டம் எழுதப்படும்: பரீட்சையிற் கூடுதல் நேரம், பாடத்தை வாசித்துக் காட்டும் கணினி, அவன் சொல்வதை எழுத்தாக்கும் கருவி என்றிவ்வாறு. ஏட்டிலே இவை யாவும் நன்று. நடப்பு வேறு. 2022 பெப்ரவரியில் அம்மாகாணத்து மனித உரிமைகள் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை, அரசினர் பாடசாலைகள் இத்தகைய பிள்ளைகளுக்கு வாசிப்புக் கற்பிப்பதிலே தவறிவருகின்றன என்று வெளிப்படையாகக் கூறிற்று. எம் பேரனின் பாடசாலையிலும் அவனுக்குரிய கூடுதல் நேரம் பன்முறை மறக்கப்பட்டது. கேட்டு வாங்க அவன் வெட்கினான்.

ஆதலின் எம் மருமகனின் நாட்டம் இணையவழித் தனியார் உயர்பள்ளிகளின்மேற் சென்றது. அங்கே உயர்பள்ளிச் சான்றிதழுக்கு 30 'கிரெடிட்'டுகள் வேண்டும். ஒவ்வொன்றும் 110 மணி நேரப் பாடம். அமைச்சின் பரிசோதகர் பார்வையிட்டு அனுமதித்த தனியார் பள்ளி, வகுப்பறை ஒன்றுகூட இல்லாதிருப்பினும் அவற்றை வழங்கலாம். அரசினர் பணம் அவற்றுக்கு இல்லை. பெற்றோரே கட்டணம் இறுக்குவர்.

இப்பள்ளிகளை இகழ்தல் எம் நோக்கமன்று. விளங்காத இடத்திற் பாடத்தை நிறுத்தி நான்கு முறை கேட்கலாம். பின்னாலிருந்து நகைப்பார் இல்லை. இரைச்சலைப் பொறாத ஓட்டிசப் பிள்ளைக்கு வீட்டின் அமைதி பெருந்துணை. ஆனால் கவனம் ஓரிடத்தில் நில்லாத பிள்ளையைத் திரைமுன் தனியே இருத்துதல் என்ன பயன் தரும் என்பதை, 2020 மார்ச்சிற் பாடசாலைகள் மூடப்பட்டபின் இரு நாட்டுத் தாய்மாரும் கண்டறிந்தனர்.

பெற்றோர் அறியவேண்டிய செய்தி வேறொன்று உண்டு. பரிசோதகர் ஆராய்வது கிரெடிட் வழங்கும் தகுதியையே. 1980ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுவது அரசினர் சபைகளை. தனியார் பள்ளியை அன்று. மனித உரிமைச் சட்டம் தனியாரையும் சாருமெனினும், அந்தக் குழுவும் அந்த மேன்முறையீடும் அங்கே இல்லை. அரசினர் பாடசாலையில் எழுதிய திட்டம் பிள்ளையை நிழல்போலத் தொடர்ந்து வரும் என்று நம்பிப் பணம் கட்டியோரை யாம் அறிவோம்.

இவ்வுரிமை எளிதில் நிலைபெற்றதன்று. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜெஃப்ரி மூர் என்னும் சிறுவனும் டிஸ்லெக்சியா உடையவனே. அவனுக்கு உதவவிருந்த நிலையத்தைப் பணமில்லையெனப் பாடசாலைச் சபை 1994இல் மூடிற்று. தந்தை தனியார் பள்ளிக்குக் கட்டணம் செலுத்தி, வழக்கும் தொடுத்தார். 2012 நவம்பரிற் கனடிய உச்ச நீதிமன்றம், விசேட உதவி ஓர் ஆடம்பரமன்று, பிள்ளை கல்வியை அடைதற்குரிய வழியே அது என்று தீர்த்து, கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தது. அதற்குள் சிறுவன் வளர்ந்த ஆடவனாகிவிட்டான்.

எம் ஆலோசனைப்படி மருமகன் ஓர் இணையப் பள்ளிக்கு மூன்று வினாக்கள் எழுதினார். கூடுதல் நேரம் உண்டோ? உண்டு, கருவிகளும் உண்டு என்று மறுநாளே விடை வந்தது. வாசிப்புப் பயிற்றும் முறை கற்ற ஆசிரியர் உளரோ? இலர். அவனோடு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒருவர் கூட இருந்து வாசிப்பார்? மாணவரின் மின்னஞ்சலுக்கு ஆசிரியர் இரு நாளிற் பதிலளிப்பார் என்பதே அதற்கு வந்த விடை. மருமகன் அதை இருமுறை படித்தார், ஒன்றும் சொல்லவில்லை.

முடிவில் ஆங்கிலமும் ஏனைய பாடங்களும் பாடசாலையிலேயே நிற்க, கேட்டே கற்கத்தக்க கனடிய வரலாறு மட்டும் திரைக்குச் சென்றது. கூட இருந்து வாசிக்கும் வேலை எம்மிடம் வந்தது. குளிர்காலத்தில் அங்கே இரவு எட்டு மணி. இங்கே காலை ஆறரை. தேநீர்க் கோப்பையோடு யாம் தொலைபேசி முன் அமர்வோம். அவன் பத்து வரி வாசிப்பான், யாம் காத்திருப்போம். இடையிற் சொல் எடுத்துக் கொடுப்பதில்லை. ஆசிரியத் தொழிலில் ஊறிய வாய்க்கு அதுவே கடினம்.

சென்ற வாரம் முதலாம் உலகப் போர் வந்தது. 1917இற் கனடியர் பொருத ஓர் ஊரின் பெயரில் மூன்று முறை தடுக்கி நின்றான். நான்காம் முறை அசையசையாகப் பிரித்து, 'பஸன்டேல்' என்றான். பின்பு, "நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ தாத்தா," என்றான். எமக்கு அது வாயில் நுழையவில்லை.